ஐரோப்பாவுக்கு போல்ட், நட் அனுப்புகிறீர்களா? கார்பன் வரிக்குத் தயாராக ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, அம்பத்தூர், ஓசூர் பக்கம் ஏற்றுமதி செய்யும் நடுத்தர இன்ஜினியரிங் யூனிட்டுகளுக்கு ஐரோப்பிய வாடிக்கையாளரிடமிருந்து ஓர் எக்செல் ஷீட் வருகிறது. உங்கள் பொருளைச் செய்ததில் டன்னுக்கு எவ்வளவு கார்பன் (கார்பன் டை ஆக்சைடு) வெளியானது என்று அதில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் முதலாளி அதைத் திறந்து பார்த்துவிட்டு அக்கவுண்ட்ஸ் பக்கம் தள்ளிவிடுகிறார். அங்கே இருப்பவர் கையில் கிடைத்த மின்கட்டண பில்லை வைத்து ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடுகிறார். 2023 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை அப்படி ஓட்ட முடிந்தது. அது வெறும் அறிக்கைக் காலம், பணம் கிடையாது. 2026 ஜனவரி 1 முதல் அந்த எண் ஒவ்வொன்றுக்கும் யூரோவில் விலை உண்டு.

சீ-பாம் (CBAM) எனப்படும், ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த எல்லைக் கார்பன் வரியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நம் ஊரில் முதலில் வரும் யோசனை, ‘கூரை மேல் சோலார் போட்டுவிடலாமா?’ என்பதுதான். இரும்புப் பொருள் அனுப்புகிறவருக்கு அது இந்த வரியில் ஒரு யூரோகூடக் குறைத்துத் தராது. ஏன் என்பது போகப் போகப் புரியும். பெரும்பாலான யூனிட்டுகளில் வரி முடிவாகும் இடம் பர்ச்சேஸ் மேனேஜரின் மேஜை. இந்த வழிகாட்டியும் அந்த மேஜையைச் சுற்றித்தான் வரும். உதாரணத்துக்கு போல்ட், நட் செய்யும் ஒரு பாஸ்டனர் யூனிட்டை எடுத்துக்கொள்கிறேன். போர்ஜிங், பைப் பிட்டிங்ஸ் செய்கிறவர்களுக்கும் கணக்கு முறை இதேதான்.

படி 1: எச்.எஸ். கோடைப் பாருங்கள்

வரி விதிக்கப்படுவது தொழிற்சாலைக்கு அல்ல, எல்லை தாண்டும் பொருளுக்கு. அது எந்த வகைப் பொருள் என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்தான் எச்.எஸ். கோடு. இரும்பு-எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறும் இப்போது பட்டியலில் உள்ளன. இரும்பில் 72ஆம் அத்தியாயத்தின் பெரும்பகுதியும் 73ஆம் அத்தியாயத்தின் சில தலைப்புகளும் வருகின்றன. 7318 என்ற தலைப்பில் போகும் போல்ட், நட், ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் உள்ளே. பைப் பிட்டிங்ஸ் 7307, ஸ்ட்ரக்சர் 7308, இதர இரும்புப் பொருட்கள் 7326 ஆகியவையும் உள்ளே.

வேடிக்கை என்னவென்றால், 7325இல் போகும் வார்ப்புப் பொருட்கள் பட்டியலில் இல்லை. மேன்ஹோல் மூடி வார்க்கும் பவுண்டரிக்காரருக்கு இப்போதைக்கு வரி கிடையாது. பக்கத்து ஷெட்டில் வாஷர் அடிக்கிறவருக்கு உண்டு. கோவையின் பம்ப் 8413, வால்வு 8481, வாகன உதிரிபாகம் 8708 ஆகியவையும் வெளியேதான். ஆனால் இதை நம்பிக் கால் நீட்டிப் படுக்க வேண்டாம். எஃகும் அலுமினியமும் அதிகம் உள்ள சுமார் 180 வகை இயந்திர, உபகரணப் பொருட்களையும் சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்துவிட்டது. எச்.எஸ். கோடை மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாமா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். சுங்கத்தில் மாட்டினால் போவது உங்கள் பெயர் மட்டுமல்ல, அங்கே சரக்கு எடுப்பவரின் உரிமமும்தான். அந்தப் பேச்சே வேண்டாம்.

பிரிட்டனுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2027 ஜனவரி 1 முதல் அவர்கள் தனியாக ஒரு கார்பன் எல்லை வரி கொண்டுவருகிறார்கள். அதிலும் இரும்பும் அலுமினியமும் உண்டு.

படி 2: வாங்குபவரிடம் பேசுங்கள்

சட்டப்படி பணம் கட்டுபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர். நீங்கள் அல்ல. அதனால் கணக்கு தொடங்கும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வருடத்துக்கு அவர் மொத்தம் எத்தனை டன் இந்தப் பட்டியல் சரக்கை இறக்குமதி செய்கிறார்? 50 டன்னுக்குள் என்றால் அவருக்கு விலக்கு உண்டு. அது 2025இல் வந்த திருத்தம். இந்த 50 டன் இறக்குமதியாளரின் கணக்கு, உங்களுடையது அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் 8 டன் மட்டுமே அனுப்பியிருக்கலாம். அவர் சீனாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் சேர்த்து 300 டன் எடுக்கிறவராக இருந்தால் உங்கள் 8 டன்னுக்கும் கணக்கு வேண்டும்.

அப்புறம், உங்கள் எண் அவருக்கு எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் பதிவேட்டில் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளே நேரடியாகப் பதிந்து தங்கள் விவரங்களை ஏற்றிவிட வழி இருக்கிறது. ஐந்து வாடிக்கையாளர்களுக்கு ஐந்து ஷீட் நிரப்புவதைவிட அது மேல்.

படி 3: உங்கள் காம்பவுண்டுக்குள் எரிவதை எழுதுங்கள்

ஹீட் ட்ரீட்மென்ட் பர்னஸில் எரியும் எல்பிஜி, குழாய் எரிவாயு, பர்னஸ் ஆயில் ஆகியவை நேரடி உமிழ்வு. ஒரு டன் எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 3 டன் கார்பன் டை ஆக்சைடு. பர்னஸ் ஆயிலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், சுமார் 3.1 டன். ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயுவுக்குச் சுமார் 2 கிலோ. போர்க்லிப்ட், லாரி போன்ற ஓடும் வண்டிகளின் டீசல் இந்தக் கணக்கில் வராது. ஜெனரேட்டருக்குப் போகும் டீசல் மின்சாரக் கணக்கின் பக்கம் போகும்.

எண் பெரிதல்ல, ஆதாரம்தான் பெரிது. சப்ளையர் இன்வாய்ஸ், எடைச்சீட்டு, தொடக்க இருப்பு, கடைசி இருப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். டேங்கில் மீதி எவ்வளவு என்று டிசம்பர் 31 மாலை ஒருவர் போய்ப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதை மறக்காதீர்கள். நம் ஆடிட்டர் மார்ச் 31க்கு எடுக்கும் ஸ்டாக் இங்கே உதவாது.

படி 4: வயர் ராடு (போல்ட் செய்ய வாங்கும் கம்பி)

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். நீங்கள் உருக்குவதில்லை. இழுத்து, வெட்டி, தலை அடித்து, மரை உருட்டி, சூடாக்கி, பூச்சு போடுகிறீர்கள். உண்மையான கார்பன் உங்கள் கேட்டுக்குள் வரும் முன்பே கம்பியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. விதிப்படி அதையும் உங்கள் பொருளோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஆண்டுக்கு 1,000 டன் போல்ட். கழிவு போக அதற்கு 1,080 டன் வயர் ராடு தேவை. நிலக்கரியில் ஓடும் ஊதுலையில் செய்த ராடு என்றும், டன்னுக்கு 2.5 டன் கார்பன் என்றும் வைத்துக்கொள்வோம். அதுவே 2,700 டன் ஆகிவிடுகிறது. உங்கள் பர்னஸில் 60 டன் எல்பிஜி எரிந்தால் 180 டன். மொத்தம் 2,880. அதாவது டன் போல்ட்டுக்கு 2.88 டன் கார்பன். இதில் 94% கம்பியிலிருந்து வந்தது.

மின்சாரம்? 1,000 டன் போல்ட்டுக்கு 5 லட்சம் யூனிட் செலவானால், நம் நாட்டுக் கிரிட் சராசரியில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று 350 டன் வரும். ஆனால் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் வரி கணக்கிடும்போது இப்போதைய விதியில் மின்சார உமிழ்வைச் சேர்ப்பதில்லை. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும்தான் சேர்க்கிறார்கள். சோலார் பேனல் இந்த வரியைக் குறைக்காது என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

மாறாக, கழிவைப் பாருங்கள். டன்னுக்கு 80 கிலோ கழிவை 50 கிலோவாகக் குறைத்தால் 30 டன் கம்பி மிச்சம், அதோடு 75 டன் கார்பனும் மிச்சம். டை சரிபார்ப்பது, செட்டிங் பீஸைக் குறைப்பது எல்லாம் நம் சூப்பர்வைசர்களுக்குத் தெரிந்த வேலைதான். இப்போது அதற்கு யூரோவிலும் மதிப்பு வந்திருக்கிறது.

அடுத்தது, கம்பி எங்கிருந்து வருகிறது என்பது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிச் செய்த ராடுக்கு நேரடி உமிழ்வு மிகக் குறைவு. ஸ்கிராப்புக்கு இப்போதைய விதியில் கார்பன் பூஜ்யம், உலை ஓடும் மின்சாரத்துக்கும் கணக்கில்லை. அதே உதாரணத்தில் ராடின் எண் 0.4 என்று வந்தால் மொத்தம் 612 டன், அதாவது டன்னுக்கு 0.61 தான். ஒரே போல்ட், ஒரே மெஷின், ஒரே ஆட்கள். எண் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஆனால் மின்சாரத்தில் உருக்கிய எஃகு எல்லாமே கார்பன் குறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் இண்டக்‌ஷன் பர்னஸ்களில் போடும் சரக்கில் பெரும்பங்கு, இரும்புத்தாதுவிலிருந்து உருக்காமலே எடுக்கும் ஸ்பாஞ்ச் அயன். அதில் அதிகமும் நிலக்கரியில் செய்தது. அந்த வழியில் வந்த பில்லெட்டுக்கு (கம்பியாக உருட்டப்படும் எஃகுக் கட்டிக்கு) எண் ஊதுலையைவிடக் குறையும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ‘எது போட்டு உருக்கினீர்கள், எவ்வளவு ஸ்கிராப், எவ்வளவு ஸ்பாஞ்ச்?’ என்று மில்லிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் கார்பன், மாங்கனீசு எல்லாம் கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அதுபோல் உமிழ்வு எண்ணையும் இனி பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரியாகப் போடுங்கள். ஆலையின் பெயர், உற்பத்தி முறை, டன்னுக்கு நேரடி உமிழ்வு, சரிபார்ப்பு அறிக்கை ஆகியவை வேண்டும். பெரிய ஆலைகள் ஐரோப்பாவுக்குத் தாங்களே அனுப்புவதால் இந்த எண்களைத் தயாராக வைத்திருக்கின்றன. கிடைப்பது கடினம் என்றால் அது டீலர் வழியாக வாங்கும்போதுதான். டீலர் கோடவுனில் நான்கு மில்களின் கம்பிச் சுருள்கள் (காயில்) கலந்து கிடக்கும். எந்த உருக்கலில் வந்த எஃகு என்று காட்டும் ஹீட் நம்பர் டேக்கைக் கிழித்துப் போடும் வழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். எந்த ஹீட் எந்த ஆர்டரில் போனது என்று பதிவேட்டில் தெரிய வேண்டும்.

மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன் உமிழ்வுக்குள் இருந்தால் பசுமை எஃகு, 1.6க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். அந்தக் கணக்கு முறை ஐரோப்பிய முறையோடு அப்படியே பொருந்தாது என்றாலும், மில்களை ஒப்பிட்டுப் பேச ஒரு கைப்பிடி கிடைத்திருக்கிறது.

படி 5: பணமாக மாற்றிப் பாருங்கள்

‘2026இல் வெறும் 2.5% தானாம்’ என்ற பேச்சு தொழில் வட்டாரத்தில் சுற்றுகிறது. பாதி உண்மை. ஐரோப்பிய ஆலைகளுக்கு இதுவரை இலவசமாகக் கொடுத்துவந்த கார்பன் அனுமதியில் 2026இல் 2.5% குறைகிறது. 2030இல் 48.5% குறைந்திருக்கும், 2034இல் முழுவதும் போய்விடும். இறக்குமதிப் பொருளுக்கும் அந்த இலவச அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி போடுகிறார்கள். ஆனால் அந்த இலவச அளவு, டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்று ஐரோப்பா வகுத்த ஓர் அளவுகோலை வைத்து முடிவாகிறது, உங்கள் எண்ணை வைத்து அல்ல. அளவுகோலுக்கு மேலே நிற்பது முழுவதற்கும் முதல் ஆண்டிலிருந்தே காசு.

கணக்கு வசதிக்காக அளவுகோல் 1.4, கார்பன் விலை டன்னுக்கு 75 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 1.4இல் 97.5% என்றால் 1.365. நம் 2.88இலிருந்து அதைக் கழித்தால் மீதி 1.515. பெருக்கினால் டன்னுக்குச் சுமார் 114 யூரோ. ‘2.5% தான்’ என்று நம்பியவர் எதிர்பார்த்தது 5 யூரோ. இதே எண்ணும் இதே விலையும் 2034 வரை நீடித்தால் 216 யூரோ. நிஜ அளவுகோல் பொருளுக்கும் உற்பத்தி முறைக்கும் தகுந்தாற்போல் மாறும். உங்கள் கோடுக்கானதைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எண் கொடுக்காமல் விட்டால்? இறக்குமதியாளர் ஆணையத்தின் இயல்பு மதிப்பைப் போட்டுக்கொள்வார். அது நாடு வாரியாகக் கூட்டியே வைக்கப்பட்டது. அதன் மேல் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் ஒரு கூடுதல் சதவீதமும் உண்டு. நல்ல கம்பி வாங்கி, கணக்கு கொடுக்காமல் விடுவது கையில் இருக்கும் லாபத்தை எடுத்து வெளியே போடுவதுதான்.

படி 6: விலைப் பேச்சில் இதை வெளிப்படையாக வையுங்கள்

கட்டுவது இறக்குமதியாளர் என்றாலும் அவர் தன் பாக்கெட்டிலிருந்து கட்டப்போவதில்லை. ‘விலையில் 100 யூரோ குறை’ என்று உங்களிடம்தான் வருவார். அதனால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் பொருளின் விலை தனி, கார்பன் எண் தனி என்று எழுதுங்கள். சரிபார்த்த எண் இதைத் தாண்டினால் வித்தியாசம் எங்களுடையது, இயல்பு மதிப்பை நீங்களாகப் போட்டுக்கொண்டால் அது உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் போதும். டிடிபி முறையில் வரியெல்லாம் உங்கள் தலையில் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படியுங்கள்.

காலக்கணக்கும் தெரிந்திருக்கட்டும். இந்த வரி கட்டப்படுவது கார்பன் சான்றிதழ்களை வாங்கித்தான். 2026இல் போன சரக்குக்கான சான்றிதழ்களை இறக்குமதியாளர் 2027 பிப்ரவரி முதல் வாங்கலாம். அறிக்கை தர வேண்டிய கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. அதற்குள் உங்கள் எண்ணை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை அவர் நேரில் வந்து தொழிற்சாலையைப் பார்ப்பார். எல்லா ஏற்றுமதியாளரும் ஒரே மாதத்தில் தேடினால் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் சொன்னதுதான் கட்டணம்.

படி 7: சோலார், காற்றாலை வேண்டாமா?

வேண்டும். காரணம்தான் வேறு. மின்கட்டணம் குறையும், அது முதல் லாபம். இரண்டாவது, உங்களிடம் வாங்கும் பெரிய இந்தியக் கம்பெனிகள். செபி விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் சுற்றுச்சூழல் விவரங்களை ஆண்டறிக்கையோடு தர வேண்டும். அதன் நீட்சியாகச் சப்ளையரிடமும் கேட்கிறார்கள். அங்கே மின்சாரம் முழுதாக எண்ணப்படும். திருப்பூர் பின்னலாடைக்கு எல்லைக் கார்பன் வரி இல்லை என்றாலும் பிராண்டுகள் மின்சாரக் கணக்கைக் கேட்பது இந்த மாதிரி வழியில்தான்.

உள்நாட்டுக் கார்பன் சந்தையும் பக்கத்தில் வந்துவிட்டது. 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு துறைகளின் பெரிய ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் உமிழ்வு இலக்கு விதித்தார்கள். இலக்கைத் தாண்டினால் கிரெடிட் வாங்க வேண்டும், வாங்காவிட்டால் சராசரி விலையின் இரண்டு மடங்கு இழப்பீடு. பாஸ்டனர் யூனிட்டுக்கு இது நேரடியாக வராது. கம்பி விலை வழியாக ஒருநாள் வரும். இங்கே கட்டிய கார்பன் விலையை அங்கே கழித்துக்கொள்ள ஐரோப்பிய விதியில் இடம் இருப்பதால், அப்போது மில்லிடம் அந்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

விதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்களுக்குத் திருப்பூரின் 2011 ஜனவரி ஞாபகம் இருக்க வேண்டும். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னபோது ஒரே அடியாக எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொழில்நுட்பம் அப்போதே இருந்தது. முதலீட்டைத் தள்ளிப்போட்ட ஆண்டுகளுக்கான விலை அது.

படி 8: உங்கள் புத்தகத்திலேயே கார்பனுக்கு விலை போடுங்கள்

பெரிய நிறுவனங்களின் தலைமைகள் செய்வதில் சிறிய யூனிட்டும் காப்பியடிக்கத் தகுந்தது இது. மஹிந்திரா அண்டு மஹிந்திரா 2016இல் தனக்குள்ளேயே டன் கார்பனுக்கு 10 டாலர் என்று விலை வைத்தது. புது மெஷின் வாங்கலாமா, எந்த பர்னஸ் என்று முடிவெடுக்கும்போது அந்த விலையையும் செலவாக எண்ணிப் பார்ப்பதுதான் முறை. டாடா ஸ்டீல் பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பரில் அணைத்துவிட்டு மின்வில் உலைக்கு மாறுகிறது. அதற்கு அரசிடமிருந்து 50 கோடி பவுண்டு உதவி, கூடவே ஆயிரக்கணக்கான வேலையிழப்பும். சரி, அந்த அளவு முடிவுகள் நமக்கு வேண்டாம். ஆனால் எல்பிஜி பர்னஸா, மின்சார பர்னஸா என்று அடுத்த தடவை கொட்டேஷன் வாங்கும்போது, டன் கார்பனுக்கு 75 யூரோ செலவு என்று அதையும் சேர்த்துப் பாருங்கள். மேலே பார்த்த 180 டன்னுக்கு ஆண்டுக்கு 13,500 யூரோ. மின்சார பர்னஸுக்கு மாறினால் இந்த வரிக்கணக்கில் அது பூஜ்யம்.

படி 9: மழையும் வெயிலும்

வரிக்குத் தயாராவது ஒன்று, வானிலைக்குத் தயாராவது வேறொன்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கார் ஆலைகளே நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷெட்டுக்குள் தண்ணீர் நின்றது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை.

செலவில்லாத வேலைகள் முதலில். மெயின் பேனல் போர்டு, கம்ப்ரஸர் மோட்டார், சர்வர் ஆகியவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். கடைசி வெள்ளத்தின் கறை சுவரில் எங்கே இருக்கிறதோ அதற்கு மேலே ஏற்றுங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியை எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான யூனிட்டுகளுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. வெள்ளச் சேதம் அதில் அடங்கும். ஆனால் இரண்டு வாரம் உற்பத்தி நின்றதால் போன லாபத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும். வெள்ளத்தில் அடிவாங்கிய பலருக்கு மெஷினுக்குப் பணம் வந்தும் வாடிக்கையாளர் போனது இந்த இடைவெளியில்தான்.

வெயில் விஷயத்தில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. ஹீட் ட்ரீட்மென்ட், போர்ஜிங் ஷாப்பில் ஏப்ரல், மே மதிய ஷிப்டை விடியற்காலைக்கு மாற்றினால் ஆட்களுக்கும் நல்லது, ரிஜெக்‌ஷனும் குறையும்.

யாரிடம் கொடுப்பது?

கன்சல்டன்ட் முதல் ஆண்டு சொல்லித்தரட்டும், தவறில்லை. பொறுப்பு உள்ளே இருக்கட்டும். என் கருத்தில் இதற்குச் சரியான ஆள் கம்பி வாங்குபவர்தான். மில்லோடு தினம் பேசுவது அவர், ஹீட் நம்பர் தெரிந்தவர் அவர், விலை வித்தியாசத்தை உடனே கணக்குப் போடக்கூடியவரும் அவரே. ராடுக்கு டன்னுக்கு எத்தனை ரூபாய் கூடுதல் கொடுத்தால் ஐரோப்பாவில் எத்தனை யூரோ மிச்சம் என்று இரண்டு மில்களின் கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரைப் போடச் சொல்லுங்கள். அடுத்த காயில் ஆர்டர் போகும் முன் அந்தத் தாள் உங்கள் மேஜைக்கு வரட்டும்.